ஒன்பது நாற்பது

மன்னார்குடியிலிருந்து கோட்டூர் வழி
கடைசி டவுன் பஸ்.
செண்பகா தியேட்டரில் படம் விடுவதும்
நான் விசில் ஊதுவதும்
ஏறக்குறைய ஒரே நேரம்.

பதினோரு நாளாக
நான் பார்க்காத ஒரு படத்தை
இந்த வண்டியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அது ஒரு மாட்டின் கதை.
மறுநாள்
மாட்டை விற்றுக் குடித்தவனின் கதை.
பக்கிரிசாமி ஏறிய அன்று
நெல்லின் கதை ஆகிவிட்டது.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கிறவர்.
"ஈரம் பத்தொன்பதுன்னு மூட்டையைத் திருப்பி அனுப்புறான் பாருங்க,
அதான் படம்.
மத்ததெல்லாம் சும்மா ஒட்டு."

"யாரு சொன்னா?
கடைசியில அவ கதவைத் தொறக்குறாளா இல்லையா,
அதுல இருக்கு படம்."
இது தையல்நாயகி.
லேப்பில் ரத்தம் எடுக்கிறவள்.
"தாழ்ப்பாள்ல கை வெச்சா. விரல் மடங்கல.
தொறக்கப்போறவளுக்கு விரல் மடங்கும்."

அந்தத் தாழ்ப்பாளே
அடுத்த காட்சியில் இடம் மாறிவிட்டது என்கிறார்
செல்போன் கடை ஜெகபர் அலி.
"எடுத்தவனுக்கே எந்தக் கதவுன்னு தெரியல,
நீங்க ஏன் அடிச்சுக்கிறீங்க?"

மூன்றாம் முறை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்
அழுதேன் என்று மட்டும் சொன்னாள்.
எந்த இடத்தில் என்று கேட்டார்கள்.
பேர் போடும்போதே என்றாள்.

சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது.
மீதிப் பாதியில் ஓட்டிக்கொண்டே
வைரக்கண்ணு திரும்பாமல் தீர்ப்பு சொன்னார்:
"தொறந்துதான் ஆவணும். மழை பெய்யுதுல்ல."
அவரும் படம் பார்க்கவில்லை.

வார விடுப்பில் போனேன்.
எல்லாம் சொன்னபடிதான் இருந்தது,
கொஞ்சம் சின்னதாக.
நான் நினைத்து வைத்திருந்த மாடு கறுப்பு.
இது செவலை.

இடைவேளைக்குச் சற்று முன்னால்
அவள் ஒரு பையோடு பஸ்ஸில் ஏறுகிறாள்.
கண்டக்டர் வருகிறான்.
பத்து ரூபாயை நீட்டுகிறாள்,
மணிக்கட்டில் வளையல் உடைந்த கீறல்.
அவன் பார்க்கிறான்.
சீட்டைக் கிழித்துத் தருகிறான்.
தந்த பிறகும் கை அங்கேயே நிற்கிறது.
பிறகு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறான்.
இரண்டு நொடி. மூன்று இருக்கலாம்.

பதினோரு நாளில் ஒருத்தர்கூட
அவனைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி வண்டியில்
தையல்நாயகிதான் ஆரம்பித்தாள்.
"பாத்தீங்களாமே. தொறந்தாளா?"

"அதுல ஒரு கண்டக்டர் வர்றான்" என்றேன்.

எங்கே, எங்கே என்றார்கள்.
யாருக்கும் நினைவில்லை.
அப்போதே டீக்கு எழுந்திருப்போம் என்றார் ஒருவர்.

"அவனுக்குத் தெரியும்.
தெரிஞ்சுதான் கேக்கல."

பக்கிரிசாமி சிரித்தார்.
"சில்லறை இருக்கான்னு யோசிச்சிருப்பான்யா."
"அவருக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருப்பாங்க"
என்றார் ஜெகபர்.

சட்ரஸ் நிறுத்தத்தில் வண்டி நின்றது.
இறங்க ஆளில்லை. ஏறவும் இல்லை.

போன ஐப்பசியில் ஒருத்தி இங்கே இறங்கினாள்.
எங்கே போகணும் என்றதற்கு
வண்டி போற வரைக்கும் என்றிருந்தாள்.
பெண்களுக்கான பூஜ்ய ரூபாய்ச் சீட்டை
கடைசி நிறுத்தத்துக்குத்தான் கொடுத்தேன்.
பாதி வழியில் எழுந்து நின்றாள்.
விசில் ஊதினேன்.
இங்கே பக்கத்தில் வீடு கிடையாது.
ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.
வரவில்லை என்பதை
இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துவிட்டேன்.

"ரைட்டு குடுப்பா" என்றார் வைரக்கண்ணு.

விசிலைப் பிடித்திருந்த என் விரல்களை
தையல்நாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.